வேண்டாத சிலந்தியை யாரிடம் ஒப்படைப்பது?

கடந்த ஆடி மாதத்தில் ஒரு நாள் மாலை, மூடியில் துளைகள் இடப்பட்ட ஒரு நெகிழிப் பெட்டி பர்கூரில் உள்ள என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் எங்கள் தெருவில் வாடகைக்குக் குடியிருந்த இளைஞர். சிப்காட் தொழிற்பேட்டையில் பணியாற்றிய அவருக்குப் புணே அருகே உள்ள கிளைக்கு மாறுதல் வந்துவிட்டது. 'இரண்டு நாள் மட்டும் வைத்திருங்கள் சார், பெங்களூரிலிருந்து நண்பன் வந்து வாங்கிக்கொள்வான்' என்றார். நண்பர் வரவில்லை. இரண்டு நாள் எட்டு மாதமாகிவிட்டது.

பெட்டிக்குள் இருப்பது, கால்களை விரித்தால் என் உள்ளங்கையை நிறைக்கும் அளவுள்ள, உரோமம் அடர்ந்த ஒரு சிலந்தி. டாரன்டுலா வகையைச் சேர்ந்தது என்பது மட்டும் தெரியும். விற்றவர் மெக்சிகோ என்றாராம்; வேறொரு நண்பர் பிரேசில் என்றாராம். வாங்கியபோது அது கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியது. ரசீது இல்லை, பெயர் எழுதிய சீட்டும் இல்லை. விலையைக் கேட்டேன். பர்கூரிலிருந்து பெங்களூருக்கு ஒரு மாதம் பேருந்தில் சென்றுவரும் செலவைவிடக் குறைவு.

நான் பொருளாதாரம் கற்பித்தவன், விலங்கியல் அறியேன். ஆயினும், இந்தப் பெட்டி எழுப்பிய கேள்வி என் துறையைச் சார்ந்ததுதான். ஓர் உயிரை வாங்குவதற்கு ஒரு விலை இருக்கிறது. அது வேண்டாம் என்று ஆகும்போது ஏற்படும் செலவை யார் ஏற்பது? அந்தச் செலவு விலையில் அடங்கவில்லை என்றால், அது யாரோ ஒருவர் தலையில் விழத்தான் செய்யும். இம்முறை என் தலையில் விழுந்தது.

டாரன்டுலா என்ற பெயரே ஒரு பிழையின் வழியாக வந்தது. இத்தாலியின் டாரன்டோ நகரப் பகுதியில் வாழும் ஓநாய்ச் சிலந்தி ஒன்றுக்கு இட்ட பெயர் அது. பின்னர் அமெரிக்கக் கண்டங்களுக்குச் சென்ற ஐரோப்பியர், அங்கே கண்ட பெரிய உரோமச் சிலந்திகளுக்கும் அப்பெயரையே சூட்டினர். இன்று அப்பெயரால் குறிக்கப்படும் குடும்பத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. நம் மண்ணிலும் அவை உண்டு. சேலம் பகுதியில் கிடைத்த ஒரு மரச்சிலந்தியைப் பிரிட்டிஷ் விலங்கியலாளர் போகாக் 1899-ஆம் ஆண்டு விவரித்தார். ஆங்கிலத்தில் அது இன்றும் சேலத்தின் பெயராலேயே அறியப்படுகிறது. கிருஷ்ணகிரி அன்று சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதி என்பதை நினைவிற்கொண்டால், அதை நம் ஊர்ச் சிலந்தி என்று உரிமை கொண்டாடுவதில் தவறில்லை. இராமேசுவரத்தில் அனுமன் பெயர் தாங்கிய கோயில் தோப்பில் கண்டறியப்பட்டு 2004-இல் விவரிக்கப்பட்ட இன்னொரு மரச்சிலந்தி, அழிவின் விளிம்பில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. ஆந்திரத்தின் கூத்தி நகரத்தில் முதன்முதலில் கிடைத்த நீல நிறச் சிலந்தி, அதன்பின் நூறாண்டுகளுக்கும் மேலாகக் கண்ணில் படாமலிருந்து, 2001-இல்தான் மீண்டும் காணப்பட்டது. அதற்குள்ளாகவே அது ஐரோப்பிய, அமெரிக்கச் சேகரிப்பாளர்களின் கண்ணாடிப் பெட்டிகளுக்கும் போய்விட்டது. ஆந்திரச் சிலந்தி அங்கே. அமெரிக்கக் கண்டத்துச் சிலந்தி பர்கூரில். உலகமயம் பற்றி வகுப்பில் பாடம் எடுத்த காலத்தில் இத்தகைய எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

வளர்ப்பது கடினமா என்றால், இல்லை. வாரத்துக்கோ இரு வாரத்துக்கோ ஒரு கரப்பான் பூச்சி அல்லது சிள்வண்டு, ஒரு சிறு மூடியில் தண்ணீர், பதுங்கிக்கொள்ள ஓர் ஓட்டுத்துண்டு, அடியில் ஈரம் அதிகமில்லாத மண். அது போதும். மாதக்கணக்கில் உண்ணாமலும் இருக்கும். தோலுரிக்கும்போது மல்லாந்து படுத்துக்கொள்ளும். இறந்துவிட்டதென எண்ணி எத்தனையோ பேர் அதைத் தூக்கியெறிந்திருக்கக் கூடும். கையில் எடுத்து விளையாடும் பிராணியும் அன்று. சில அடி உயரத்திலிருந்து விழுந்தாலே அதன் வயிற்றுப்பகுதி வெடித்து இறக்க நேரிடும். இதன் கடி உயிரைப் பறிப்பதன்று. ஆனால், அமெரிக்கக் கண்டங்களின் இனங்கள் பல, அச்சமுற்றால் பின்னங்காலால் வயிற்று உரோமங்களைத் தட்டிப் பறக்கவிடும். அவை கண்ணில் பட்டால் ஆபத்து. பெட்டியைத் துப்புரவு செய்த முதல் நாளே என் கையில் இரண்டு நாள் நீடித்த அரிப்பு. இந்திய, இலங்கை டாரன்டுலாக்களுக்கு அந்த உரோமங்கள் இல்லை. ஆகவே, விருந்தாளி வெளிநாட்டவர் என்பது மட்டும் அந்த அரிப்பின் மூலம் எனக்கு உறுதியாயிற்று.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பெண் டாரன்டுலாக்களில் பல இனங்கள் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக் கூடியவை. ஆண் சிலந்திகளோ, முதிர்ச்சி அடைந்தபின் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் இறந்துவிடும். இளங்குஞ்சாக வாங்கும்போது ஆணா, பெண்ணா என்று தெரியாது. அதாவது, தாம் ஏற்பது சில ஆண்டுப் பொறுப்பா, 20 ஆண்டுப் பொறுப்பா என்பது வாங்குபவருக்குத் தெரியாது. நம் தொழிற்பேட்டை இளைஞர்களின் வாழ்க்கை எத்தகையது? வாடகை ஒப்பந்தம் 11 மாதங்கள். வேலையோ பலருக்கு ஒப்பந்த அடிப்படையிலானது. மின்வாகனத் தொழிற்சாலையிலிருந்து கைப்பேசி உதிரிபாகத் தொழிற்சாலைக்கும், ஓசூரிலிருந்து புணேக்கும் அவர்கள் இடம்பெயர்ந்தபடியே இருக்கின்றனர். 20 ஆண்டு வாழும் ஒரு சிலந்தி, அத்தகைய வாடகை ஒப்பந்தங்கள் ஏறத்தாழ 22-ஐக் கடக்க வேண்டியிருக்கும். நாயையோ பூனையையோ ஏற்றுக்கொள்ள யாராவது கிடைப்பர். இதை யார் ஏற்பார்? என் மனைவி இன்றளவும் அந்த அறைக்குள் வருவதில்லை.

நான்கு ஆண்டுகளுக்கும் முந்தைய ஒரு நிகழ்வு இங்கே நினைவுக்கு வருகிறது. 2021 ஜூலை தொடக்கத்தில், போலந்திலிருந்து சென்னை வெளிநாட்டு அஞ்சலகத்துக்கு ஒரு பொட்டலம் வந்தது. அருப்புக்கோட்டை முகவரி. போதைப்பொருள் இருக்கலாம் என்ற ஐயத்தில் சுங்கத் துறையினர் திறந்து பார்த்தனர். தெர்மோகோல் பெட்டிக்குள், வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய 107 சிறு நெகிழிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் உயிருள்ள ஒரு சிலந்தி. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் அறிவியலாளர்களும் வன உயிரினக் குற்றத் தடுப்புப் பிரிவினரும் வரவழைக்கப்பட்டனர். அவை மெக்சிகோவையும் தென், மத்திய அமெரிக்கப் பகுதிகளையும் சேர்ந்த டாரன்டுலாக்களாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினர். 'இருக்கலாம்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். துறை அறிஞர்களே பேரின அளவில், அதுவும் ஐயத்தோடுதான் சொல்ல முடிந்தது. இறக்குமதி உரிமமோ, நலச்சான்றோ இல்லாததால், கால்நடைத் தனிமைப்படுத்தல் அதிகாரிகளின் பரிந்துரைப்படி, சிலந்திகள் போலந்துக்கே திருப்பி அனுப்புவதற்காக அஞ்சல் துறையிடம் ஒப்படைக்கப்பட்டன.

அந்த முடிவைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால், ஒன்று புலனாகிறது. வேண்டாத 107 சிலந்திகள் கைக்கு வந்தபோது, அவற்றை ஏற்று வைத்துக்கொள்வதைவிடத் திருப்பி அனுப்புவதே அரசுக்கும் எளிதாக இருந்தது. அந்தப் பொட்டலத்தில் அனுப்பியவரின் நாடு தெரிந்திருந்தது. என் பெட்டியில் அதுவும் இல்லை.

அப்போதைக்கும் இப்போதைக்கும் இடையே சட்டம் மாறியிருக்கிறது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை முறைப்படுத்தும் 'சைட்டிஸ்' உடன்படிக்கையில் இந்தியா 1976 முதல் உறுப்பு நாடு. எனினும், வெளிநாட்டு உயிரினங்களை உள்நாட்டில் வைத்திருப்பது குறித்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 நெடுங்காலம் ஏறக்குறைய மௌனமாகவே இருந்தது. எல்லையில் பிடிபட்டால் சுங்கச் சட்டம். எல்லையைக் கடந்துவிட்டால் கேள்வியில்லை. 2022-இல் கொண்டுவரப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இந்த இடைவெளியை நிரப்பியது. சைட்டிஸ் பட்டியலில் உள்ள இனங்கள் நான்காம் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அவற்றை வைத்திருப்போர் பதிவு செய்வதற்கான விதிகள் 2024 பிப்ரவரி இறுதியில் வெளியாயின. ஏற்கெனவே வைத்திருப்போருக்கு ஆறு மாத அவகாசம். புதிதாகப் பெறுவோருக்கு 30 நாள். 'பரிவேஷ்' இணையதளத்தின் வழியாக மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

விதிகளை வாசித்தபோது வரவேற்கவே தோன்றியது. பிறகு படிவத்தை நிரப்ப அமர்ந்தேன். எந்த இனம் என்ற கேள்வியில் பேனா நின்றுவிட்டது.

மெக்சிகோவின் பிராக்கிபெல்மா பேரினம் பட்டியலில் உண்டு. நம் நாட்டிலும் இலங்கையிலும் வாழும் மரச்சிலந்திகளின் பேரினமான பொசிலோதீரியா, 2019-இல் ஜெனீவாவில் நடந்த மாநாட்டில் சேர்க்கப்பட்டது. ஆனால், தென் அமெரிக்காவின் கிராமோஸ்டோலா போன்ற, வளர்ப்போரிடையே பரவலாக உள்ள பேரினங்கள் பட்டியலில் இல்லை. என் பெட்டியில் இருப்பது முதல் வகை என்றால், பதிவு செய்யாமல் வைத்திருப்பது குற்றம். மூன்றாம் வகை என்றால், பதிவுக்கே இடமில்லை. நிறத்தைப் பார்த்துச் சொல்லலாகாதா என்று கேட்கலாம். வயதுக்கும், தோலுரித்த காலத்துக்கும் ஏற்ப நிறம் மாறும். உறுதியாகச் சொல்ல, பெண்ணாயின் உரித்த தோலின் உட்புறத்தில் உள்ள விந்தேற்புப் பையின் வடிவத்தையும், முதிர்ந்த ஆணாயின் முன் உணர்கொம்பின் நுனியில் உள்ள உறுப்பையும் நுண்ணோக்கியில் காண வேண்டும். வளர்ந்த சிலந்தி ஆண்டுக்கு ஒருமுறையோ, அதனினும் தாமதமாகவோதான் தோலுரிக்கும். 30 நாளில் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம் அறிந்த காலக்கணக்கு; சிலந்தி அதை அறியாது.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஆக்கர்லாஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையை முன்வைத்து ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தையே எவ்வாறு சீரழிகிறது என்பதே அதன் சாரம். சிலந்திச் சந்தை அதற்கும் ஒரு படி கீழே நிற்கிறது. இங்கு விற்பவருக்கே தெரியாது. தெரிந்தாலும் சொல்லாமலிருப்பதில் அவருக்கு ஆதாயம் உண்டு. பெயர் சொன்னால்தானே பட்டியலில் உள்ளதா என்று கேட்பர்?

சரி, வைத்துக்கொள்ள இயலாதவர் ஒப்படைத்துவிடலாமே? அதே திருத்தச் சட்டத்தில் அதற்கொரு பிரிவு, 42ஏ, இருக்கிறது. உரிமைச் சான்றிதழ் பெற்றவர், வளர்ப்பு விலங்கை வைத்திருக்க விரும்பவில்லை எனில், தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு ஏழு வேலைநாள் முன்னறிவிப்புத் தந்து ஒப்படைக்கலாம். இழப்பீடு கிடையாது, விலங்கு அரசின் உடைமையாகும். நல்ல ஏற்பாடு. ஆனால், 'சான்றிதழ் பெற்றவர்' என்ற நிபந்தனையில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. வேண்டாத பிராணியைக் கையில் வைத்துக்கொண்டு தவிப்போரில் சான்றிதழ் வைத்திருப்பவர் எத்தனை பேர்? சான்றிதழ் வாங்கும் அளவுக்கு முன்யோசனை உள்ளவர், முன்யோசனையின்றி வாங்கியிருக்கவே மாட்டார். கதவு இருக்கிறது; அதன் சாவி, அந்தக் கதவைத் தேடி வர வேண்டிய தேவை இல்லாதவரிடம் இருக்கிறது.

நான் அலுவலகம் ஒன்றுக்கு நேரில் சென்று கேட்டேன். எந்த அலுவலகம் என்பது இங்கு முக்கியமன்று. அங்கிருந்தோர் மரியாதையாகவே நடந்துகொண்டனர். 'யானை ஊருக்குள் வந்தால் விரட்ட ஆள் இருக்கிறது, பாம்பு வந்தால் பிடிக்க ஆள் இருக்கிறது, இதற்கு என்ன செய்வதென்று மேலே கேட்கத்தான் வேண்டும் ஐயா' என்றார் ஒருவர். ஓசூர் வனப்பகுதியில் ஆண்டுதோறும் யானைக் கூட்டங்களோடு போராடுவோரின் மேசையில் ஒரு சிலந்திப் பெட்டியை வைத்துவிட்டு நியாயம் பேச எனக்கே கூச்சமாக இருந்தது. வெளியே வந்தபோது காவலர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: 'பேசாமல் மாந்தோப்பில் விட்டுவிடுங்கள் சார்.'

அதைத்தான் செய்யக் கூடாது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், செயின்ட் லூசி மாவட்டத்தின் ஆரஞ்சுவகைத் தோட்டம் ஒன்றில் 1996-இல் மெக்சிகோ டாரன்டுலா ஒன்று குடியேறிப் பெருகியிருப்பது கண்டறியப்பட்டது. வளர்ப்பிலிருந்து தப்பியவையோ, விடப்பட்டவையோ அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. கிருஷ்ணகிரியின் மாந்தோப்பும் புளியந்தோப்பும் அத்தகைய விருந்தாளியை ஏற்குமா, கொல்லுமா என்று முன்கூட்டிச் சொல்வது எளிதன்று. தெரியாத ஒன்றைத் தெரியாத இடத்தில் விடுவதன் விலையை நம் நாடு ஏற்கெனவே அறியும். 1847-இல் மொரீசியசிலிருந்து பென்சன் என்ற ஆங்கிலேயர் கொண்டுவந்த ஆப்பிரிக்கப் பெருநத்தைகள், கொல்கத்தாவின் சௌரங்கிப் பகுதித் தோட்டம் ஒன்றில் விடப்பட்டன. இன்று அவற்றை ஒழிக்க உப்பும் முட்டைக்கோஸ் இலையுமாகத் தமிழக, கேரள விவசாயிகள் மழைக்காலம் முழுவதும் போராடுகின்றனர். பென்சன் அதற்கு ஒரு ரூபாயும் செலுத்தவில்லை. பிகு 1920-இல் விளக்கிய புறவிளைவுச் செலவுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எனவே கேள்வி இதுதான்: சான்றில்லாதவரும் அச்சமின்றி ஒப்படைக்கும் வழியை ஏன் திறக்கக் கூடாது? புளோரிடாவின் வன உயிரின ஆணையம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அதைச் செய்கிறது. வேண்டாத வெளிநாட்டுப் பிராணியை யாரும் கொண்டுவரலாம், தண்டனையில்லை, தகுதியுள்ள வளர்ப்பாளர்களுக்கு அது மாற்றித் தரப்படுகிறது.

சட்டத்தை மீறியவருக்குச் சலுகையா என்ற எதிர்வாதத்தை நான் இலேசாக ஒதுக்க மாட்டேன். 2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு தன்னார்வ அறிவிப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆறு மாதத்துக்குள் தெரிவித்தால் ஆவணம் எதுவும் கேட்கப்படாது என்றது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்வந்தனர். கடத்தி வந்தவற்றையும் அதன் மூலம் சட்டபூர்வமாக்கிக்கொள்ளலாம் என்று வன உயிரின ஆர்வலர்கள் அப்போதே குறைகூறினர். அதில் நியாயம் உண்டு. ஆனால், அந்த மன்னிப்பு உடைமையை உறுதிப்படுத்தியது. நான் கேட்பது, உடைமையைத் துறக்க வருபவருக்கான மன்னிப்பு. முன்னதில் சட்டமீறலுக்கு ஒரு சொத்து பரிசாகக் கிடைக்கிறது. பின்னதில் வருபவர் வெறுங்கையோடு திரும்புகிறார். இரண்டும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவதாலேயே ஒன்றாகிவிடா.

செலவுக்கு என்ன வழி? நீலகிரி மாவட்டத்தில் மதுப்புட்டிகள் காட்டில் வீசப்படுவதைத் தடுக்க, உயர்நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2022-இல் டாஸ்மாக் கடைகளில் ஒரு முறை கொண்டுவரப்பட்டது. புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாக வசூலித்து, காலிப் புட்டியைத் திருப்பித் தந்தால் அதைத் திருப்பித் தருவர். வீசி எறிவதற்கும் ஒரு விலை உண்டு என்பதை வாங்கும்போதே உணர்த்தும் முறை அது. சட்டபூர்வமாக விற்கப்படும் வெளிநாட்டுப் பிராணிகளின் விற்பனையாளர்மீதும் அத்தகைய வைப்புத்தொகையை விதிக்கலாம். காலிப் புட்டிக்கு உள்ள ஏற்பாடு, 20 ஆண்டு உயிரோடிருக்கும் ஒன்றுக்கு இல்லாதது வியப்புத்தான். இனங்காணும் பணிக்கும் புதிய நிறுவனம் தேவையில்லை. மாவட்டந்தோறும் அரசுக் கல்லூரிகளில் விலங்கியல் துறைகள் உள்ளன. நுண்ணோக்கியும், ஆய்வுக்குப் பொருள் தேடும் மாணவரும் அங்கே இருக்கின்றனர். உரித்த தோல் ஒன்றை வாங்கிப் பார்த்து ஒரு தாளில் பெயர் எழுதித் தர அவர்களை அங்கீகரித்தால் போதும்.

நம் பகுதிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பதிவு மாநிலந்தோறும் தனித்தனி. பெங்களூரில் வாங்கியது கர்நாடகத்தின் கணக்கில் இருக்க வேண்டும். அத்திப்பள்ளியைத் தாண்டி ஜுஜுவாடிக்கு வந்தால் தமிழகத்தின் கணக்குக்கு மாற வேண்டும். நாள்தோறும் பல்லாயிரம் பேர் கடக்கும் அந்த எல்லையில், மதிய உணவுப் பெட்டி அளவுள்ள ஒன்றை யார் பார்க்கப் போகின்றனர்? கண்காணிப்பால் ஆகாததை, தாமாக வந்து சொல்வோரை அச்சுறுத்தாமல் இருப்பதன் மூலமே ஓரளவு சாதிக்க இயலும்.

தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு நடந்தவற்றை விவரித்து, ஒளிப்படங்களுடன் பதிவு அஞ்சலில் கடிதம் அனுப்பியிருக்கிறேன். ஒப்புகை அட்டை வந்துவிட்டது. புணேயிலிருந்து அந்த இளைஞர் அவ்வப்போது தொலைபேசியில் பேசுகிறார். 'சாப்பிடுகிறதா சார்?' என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. பொறுப்பற்றவர் என்று அவரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சென்ற மாதம் அது மல்லாந்து படுத்தது. நள்ளிரவு கடந்து தோலை உரித்து வெளியே வந்தது. கிழியாமல் எடுத்த அந்தத் தோலை, ஒரு பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் என் பழைய மாணவரின் மூலம் அங்குள்ள விலங்கியல் துறைக்கு அனுப்பியுள்ளேன். பெண் என்று பதில் வந்துவிட்டது. எந்த இனம் என்பதற்கு இன்னும் சில வாரம் ஆகுமாம்.

(கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர், ஓய்வு)